மூச்சு விட்டபடி எடுத்த அளவு

என் மகள் தஸ்லீமாவின் நகங்கள் நீலம் பாரித்திருப்பதைப் பார்த்தபோது நான் முதலில் சந்தேகப்பட்டது துணியைத்தான். தியாகராய நகரில் ஜாக்கெட் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். அன்று பள்ளி விட்டு வந்தவள் புதிதாக வந்த கருநீலத் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். சாயம் ஒட்டியிருக்கும் என்று சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். தண்ணீர் தெளிவாகவே போனது. நகம் அப்படியே இருந்தது.

இதைப் படிப்பவர்களில் சிலர், குழந்தையின் நகத்தைப் பார்த்த பிறகுதான் காலையில் முகம் கழுவுகிறவர்களாக இருக்கலாம். அவர்களுக்காக எழுதுகிறேன். நான் தையல்காரன். மருத்துவத்தை எனக்குப் புரிந்த அளவுக்குத்தான் சொல்ல முடியும்.

தஸ்லீமாவுக்குப் பிறக்கும்போதே இதயத்தின் கீழறைகள் இரண்டில் ஒன்றுதான் வளர்ந்திருந்தது. கைக்குழந்தையாக இருந்தபோதே இரண்டு அறுவை சிகிச்சைகள் நடந்தன. இரண்டாவதில், தலையிலிருந்தும் கைகளிலிருந்தும் திரும்பி வரும் இரத்தத்தை இதயத்துக்குள் விடாமல் நேரே நுரையீரலுக்குத் திருப்பிவிட்டார்கள். உடம்பின் கீழ்ப்பாதியிலிருந்து வருவதையும் ஒரு செயற்கைக் குழாய் வழியாக அதேபோல் திருப்புவது மூன்றாவது கட்டம். கொஞ்சம் எடை ஏறட்டும், ஏறட்டும் என்று அதைத் தள்ளிக்கொண்டே வந்ததில் அவளுக்கு எட்டு வயதாகிவிட்டது.

நகம் ஏன் நீலமானது என்று அறுவை சிகிச்சை செய்யும் டாக்டரம்மா தாளில் வரைந்து காட்டினார். கல்லீரலிலிருந்து வரும் இரத்தத்தில் நுரையீரலுக்கு வேண்டிய ஏதோ ஒன்று இருக்கிறதாம். அது போய்ச் சேராத நுரையீரலில் வேண்டாத குறுக்குக் குழாய்கள் முளைக்கும். இரத்தம் காற்றைத் தொடாமலே அவற்றின் வழியாக நழுவிவிடும். தஸ்லீமாவின் இடது நுரையீரலில் இது தொடங்கியிருந்தது. ஆகவே புதுக் குழாயில் வரும் கல்லீரல் இரத்தம் இடப்பக்கம் போதுமான அளவு போயே தீர வேண்டும். எல்லாம் வலப்பக்கமே போய்விட்டால், இடது நுரையீரல் இன்னும் கெடும். நெஞ்சை மறுபடியும் திறக்க வேண்டி வரலாம்.

“குழாயை எங்க வைக்கணும், எவ்வளவு சாய்க்கணும்னு முன்னாடியே கம்ப்யூட்டர்ல வெச்சுப் பாத்துடலாம்,” என்றார் டாக்டரம்மா. “அவளோட இரத்தக் குழாயை அப்படியே கம்ப்யூட்டர்ல செஞ்சு, உள்ள இரத்தம் எப்படி ஓடும்னு கணக்குப் போடுவாங்க. நாலஞ்சு விதமா பாத்துட்டு, எது சரியா வருதோ அதைத்தான் நான் செய்வேன்.”

எனக்கு உடனே பிடிபட்டது. பட்டில் கத்திரி வைக்கும் முன் காடாத் துணியில் வெட்டித் தைத்துப் பார்ப்போம். என் மனைவி சபீனாவிடம் அப்படித்தான் விளக்கினேன்.

“உங்களுக்கு எல்லாமே ஜாக்கெட்டுதான்,” என்றாள்.

அந்தக் கணக்குக்கு அளவுகள் வேண்டும். எம்.ஆர்.ஐ. (காந்தத்தின் உதவியால் உடம்புக்குள் படமெடுக்கும் கருவி) எடுக்கும்போது இரத்தம் எந்தக் குழாயில் எவ்வளவு ஓடுகிறது என்றும் அளந்துவிடலாம். மயக்க மருந்து இல்லாமல் எடுத்தால் நல்லது, சில படங்களுக்கு மூச்சைப் பிடிக்க வேண்டும், மற்றவற்றுக்குச் சாதாரணமாக விட வேண்டும், வீட்டில் பழக்கிக் கூட்டி வாருங்கள் என்றார்கள். நான் அதைத் தலைமேல் போட்டுக்கொண்டேன். ராயப்பேட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அவளைப் பாயில் படுக்கவைத்து, வயிற்றின் மேல் ஒரு நூல்கண்டை நிறுத்துவேன். அது விழக்கூடாது. விழாவிட்டால் கோன் ஐஸ். பத்தே நாளில் தேறிவிட்டாள். தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

ஸ்கேன் முடிந்து வெளியே வந்ததும் அங்கிருந்த ஊழியர் என் தோளைத் தட்டினார். “இன்னா பாய், பொண்ணு சிலை மாறி கீது. பெரியவங்களே இப்டி படுக்க மாட்டாங்க,” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து டாக்டரம்மாவின் அறைக்குக் கூப்பிட்டார்கள். பெருங்குடியில் ஒரு அலுவலகத்திலிருந்து மதுமிதா என்ற பொறியாளர் மடிக்கணினியோடு வந்திருந்தார். திரையில் என் மகளின் இரத்தக் குழாய்கள் திரும்பித் திரும்பிச் சுற்றின. கல்லீரல் இரத்தம் சின்னச் சின்னப் புள்ளிகளாக ஓடியது. குழாயை நேராக வைத்த படத்தில் புள்ளிகள் இடமும் வலமும் ஏறக்குறையச் சமமாகப் பிரிந்தன. இதுவே போதும், வருகிற திங்கட்கிழமை செய்துவிடலாம் என்றார் டாக்டரம்மா.

“ஒண்ணு மட்டும் கொஞ்சம் இடிக்குது மேடம்,” என்றார் மதுமிதா. “மூச்சு இழுக்கும்போது கீழேருந்து வர்ற இரத்தம் கூடணும், விடும்போது குறையணும். இவளுக்கு கிராஃப்ல ஒரே நேர்கோடா இருக்கு.”

“அமைதியான குழந்தை. சின்னச் சின்ன மூச்சா விட்டிருப்பா,” என்றார் டாக்டரம்மா.

எனக்குக் கடை ஞாபகம் வந்தது. கடையில் டேப்பைச் சுற்றியதும் பாதிப் பேர் வயிற்றை எக்கி மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். “மூச்சை விடுங்கம்மா, சாதாரணமா நில்லுங்க” என்று ஒரு நாளில் எத்தனை தடவை சொல்கிறேன் என்று கணக்கே இல்லை. கேட்காதவர்கள் அடுத்த வாரம் ஜாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், “இன்னா பாய், கையத் தூக்க முடியல, இவ்ளோ டைட்டா கீது” என்று. ஊருக்கெல்லாம் இதைச் சொல்லும் நான் சொந்த மகளுக்கு மூச்சைப் பிடிக்கப் பாடம் நடத்தியிருக்கிறேன்.

தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே வந்தேன். தஸ்லீமா நடைபாதை பெஞ்சில் அவள் அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள்.

“ஸ்கேன் எடுக்கும்போது மூச்சு விட்டியாம்மா?”

“பிடின்னு சொன்னப்ப பிடிச்சேன் அத்தா.”

“சாதாரணமா விடுன்னு சொன்னப்ப?”

“கொஞ்சூண்டு கொஞ்சூண்டு விட்டேன். வயிறு ஆடாம.” என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நூல்கண்டு விழக்கூடாதுல்ல?” என்றாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பேசாமல் இருந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அந்தத் தேதிக்காக எத்தனை நாள் காத்திருந்தோம். மறுபடி ஸ்கேன் என்றால் திங்கட்கிழமை கைவிட்டுப் போகும். நகமோ நாளுக்கு நாள் கறுத்துக்கொண்டிருந்தது. சபீனாதான் எழுந்து நின்றாள்.

“போய்ச் சொல்லுங்க. தப்பான அளவுல வெட்டக் கூடாதுன்னு நான் சொல்லியா உங்களுக்குத் தெரியணும்?”

உள்ளே போய் நூல்கண்டுக் கதையைச் சொன்னேன். வெட்கமாக இருந்தது. டாக்டரம்மா கோபிக்கவில்லை. மதுமிதாவைப் பார்த்தார். அவர் மடிக்கணினியை மூடிவிட்டு, “நல்லவேளை அண்ணா, இந்தக் கோட்டாலதான் எனக்கு ரெண்டு நாளா தூக்கம் இல்ல,” என்றார்.

அடுத்த வாரமே மறுபடி ஸ்கேன். இந்த முறை பாடத்தைத் தலைகீழாக நடத்தினேன். “மூச்சை விடு” என்று சொன்னால் நூல்கண்டு விழ வேண்டும், விழுந்தால்தான் ஐஸ். அவளுக்கு ஒரே சிரிப்பு.

புது அளவுகளோடு மதுமிதா திரும்ப வந்தார். அதே நேரான குழாய்தான். ஆனால் திரையில் அவள் மூச்சு இழுக்க இழுக்க, புள்ளிகள் கும்பலாக வலப்பக்கம் திரும்பின. இடப்பக்கம் ஒன்றிரண்டுதான் போயின. நான் பேசாமல் இருந்திருந்தால் இதைத்தான் வைத்திருப்பார்கள். குழாயை இடப்பக்கம் நகர்த்திச் சற்று வளைத்த இன்னொரு படத்தைக் காட்டினார்கள். அதில் இரண்டு பக்கமும் நன்றாகப் போனது. அதையே செய்வதென்று முடிவாயிற்று.

அறுவை சிகிச்சை நல்லபடியாக நடந்தது. அதற்குப் பின்தான் உங்களுக்குப் பொறுமை வேண்டும். நெஞ்சிலிருந்து நீர் வடிவதற்காகக் குழாய் செருகியிருப்பார்கள். எங்களுக்கு அது பத்தொன்பது நாள் வடிந்தது. இன்று நின்றுவிடும், நாளை நின்றுவிடும் என்று பாட்டிலையே பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். நான் உட்கார்ந்தேன், ஒரு பயனும் இல்லை. நின்றபோது தானாக நின்றது.

ஆறு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனைப் பார்த்துவிட்டு, “இடது பக்கமும் நல்லா போகுது,” என்றார் டாக்டரம்மா. இது முழுக் குணம் இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். மாத்திரை உண்டு, ஆண்டுதோறும் கல்லீரலைச் சோதிக்க வேண்டும், இதயத்தை ஆயுசுக்கும் கவனித்துக்கொள்ள வேண்டும். தலையாட்டினேன். எனக்கு அன்று அதுவே நிறைவாக இருந்தது.

அவள் நுரையீரலுக்கு இரத்தத்தைத் தள்ள இனி இதய அறை எதுவும் கிடையாது. அவள் இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் அந்த வேலைக்குக் கை கொடுக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, தைத்துக்கொண்டே இருக்கும்போது என் மூச்சையும் சில சமயம் கவனிக்கிறேன். ஐம்பது வயது வரை அது பாட்டுக்குப் போய்வந்திருக்கிறது, நான் ஏறெடுத்தும் பார்த்ததில்லை.

இந்த ஜூனில் பள்ளிச் சீருடைக்கு அவளை நிற்கவைத்து அளவெடுத்தேன். கடைக்கு வரும் தாய்மார்கள் எல்லாரும், “வளர்ற பொண்ணு பாய், உள்ள துணி விட்டுத் தைங்க” என்பார்கள். பிறகு பிரித்துவிட்டுக்கொள்ளலாமே. ஊர்ப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் தைப்பேன். என் மகளுக்கு மட்டும் இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூடத் துணி விட்டதில்லை. அன்றைக்கு என்ன அளவோ அதோடு முடித்துவிடுவேன். சபீனா ஏன் என்று கேட்டதே இல்லை.

இந்த முறை பாவாடையின் ஓரத்தில் மூன்று அங்குலம் உள்ளே மடித்துத் தைத்தேன். சபீனா அதைப் புரட்டிப் பார்த்தாள். மடிப்பை விரலால் அளந்தாள்.

“ரெண்டு வருஷம் வரும்,” என்றாள்.