கதவுக்குப் பின்னால் குடை

"கதவத் திறந்ததும் எதிர்ல என்ன இருக்கும்?" என்று கேட்டுவிட்டு, பையைத் திறக்காமல் நிற்கிறார் பூட்டுக்காரர். சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்பவர் யாராக இருந்தாலும் பதில் சொல்லியாக வேண்டும். அதன் பிறகுதான் கம்பி வெளியே வரும். பூட்டு திறந்ததும் அவர்தான் முதலில் தலையை நீட்டி, சொன்னது இருக்கிறதா என்று பார்ப்பார். எங்கள் குடியிருப்பில் அவருக்குப் பெயரே 'விசாரணை'தான்.

என்னையும் ஒருநாள் கேட்டார். காலண்டர் என்று உளறினேன். திறந்தால் கடிகாரம். "பரவால்ல சார், திருடனா இருந்தா சரியாச் சொல்லியிருப்பான்" என்று சிரிக்காமல் சொல்லிக் கூலியை வாங்கிக்கொண்டார்.

படிக்கட்டுக்கு அடியில் கடை. கடைக்குப் பின்னால் ஒரே அறை, அதுதான் வீடு. புருவத்தில் எப்போதும் பித்தளைத் தூள் ஒட்டியிருக்கும். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகளை வெளியூரில் கட்டிக்கொடுத்திருக்கிறார். முன்பெல்லாம் சாவி வெட்டும் மெஷின் ஓட ஓடவே போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசுவார். இப்போது மணி அடித்தால் மெஷினை நிறுத்திவிடுகிறார்.

காரணம் உண்டு. மெஷின் ஓடிக்கொண்டிருந்த ஒரு மதியம், போனில் "அப்பா" என்று அழுகை. வண்டியில் யாரையோ இடித்துவிட்டாளாம், ஸ்டேஷனில் வைத்திருக்கிறார்களாம். "எங்கம்மா இருக்க?" என்று இவர் கேட்க, "கேள்வி கேக்குற நேரமாப்பா இது?" என்று வெடித்தது அந்தக் குரல். பிறகு ஓர் ஆண்குரல், இன்ஸ்பெக்டர் என்றது. உடனே பணம் அனுப்பினால் கேஸ் இல்லாமல் விட்டுவிடுவதாகச் சொன்னது. மெயின் ரோட்டில் கடை பிடிக்கச் சேர்த்து வைத்திருந்தது மொத்தமும் போய்விட்டது. சாயங்காலம் மகள் வழக்கம்போலக் கூப்பிட்டு, "சாப்பிட்டியாப்பா?" என்றாள்.

"ஊரான் வீட்டுக் கதவுக்கெல்லாம் கேள்வி கேட்டேன் சார். எம் பொண்ணுன்னு வந்தப்ப கேக்கத் தோணல."

பேங்க்கில் அழாத குறையாக நின்றவருக்கு அங்கிருந்த அம்மாள் பொறுமையாகச் சொல்லி அனுப்பினார். சந்தேகம் வந்தால் போனை வைத்துவிட வேண்டும். தெரிந்த நம்பருக்கு நாமே கூப்பிட வேண்டும். வீட்டு மனிதர்களுக்கு மட்டும் தெரிந்த கேள்வி ஒன்றும் இருக்க வேண்டும். கேள்விக்கா அவரிடம் பஞ்சம்? அன்று முதல் மகள் எப்போது பேசினாலும், "நம்ம வீட்டுக் கதவுக்குப் பின்னால என்ன தொங்குது?" என்பார். "அம்மா குடை" என்பாள். கொஞ்ச நாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அப்புறம் அலுத்துப்போய், "நான் உன் பொண்ணா, கஸ்டமரா?" என்றாள். அப்போதும் அவள் குடையைச் சொன்ன பிறகுதான் நலம் விசாரிப்பார்.

பிறகு ஒரு மதியம். தெரியாத நம்பர். மெஷினை நிறுத்திவிட்டுத்தான் எடுத்தார். அதே அழுகை. மருமகன் வேலை செய்யும் கட்டடத்தில் சாரம் சரிந்து கால் நசுங்கிவிட்டது, உடனே பணம் கட்டச் சொல்கிறார்கள் என்றது குரல். கதவுக்குப் பின்னால் என்ன தொங்குகிறது என்று கேட்டார்.

"கேள்வி கேக்குற நேரமாப்பா இது?"

வார்த்தைக்கு வார்த்தை அதுவே. போனை வைத்துவிட்டார். சொல்லிக்கொடுத்தபடி மகளின் நம்பருக்குக் கூப்பிட்டார். அணைந்திருந்தது. மருமகனுக்குக் கூப்பிட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அந்தத் தெரியாத நம்பர் மறுபடி மறுபடி வந்தது. எடுக்கவில்லை. "இந்தத் தடவை ஏமாறலன்னு நெனச்சேன் சார். நிம்மதியா சாவி வெட்டிட்டு இருந்தேன்."

அழுதது மகளேதான், தன் போன் அணைந்துபோய் யாருடைய போனிலிருந்தோ பேசியிருக்கிறாள். மருமகன் பிழைத்துக்கொண்டார். கால் பிழைக்கவில்லை. பணம் கட்டத் தாமதமானதுதான் காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை. மகளும் சொல்லவில்லை. இவர் ஓடிப்போய் ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது அவள் இவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து போனும் இல்லை. இவர் கூப்பிட்டால் எடுப்பதும் இல்லை. அவரை ஏமாற்றியவன் எங்கே உட்கார்ந்து யாருடைய மகளாக அழுதுகொண்டிருக்கிறானோ.

நேற்று நல்ல மழை. கடையில் ஒதுங்கியிருந்தேன். அடுத்த தெருவில் ஒரு பெண் கைக்குழந்தையோடு வெளியே மாட்டிக்கொண்டதாகப் போன் வந்தது. பைக்கு மட்டும் பிளாஸ்டிக் உறை மாட்டினார். மழைக்காலம் முழுக்க நனைந்துகொண்டே வேலைக்குப் போகிற மனிதர் இவர், கஞ்சன் என்று கேலி செய்யாதவர்கள் இல்லை. அறைக் கதவுக்குப் பின்னால், நிறம் வெளுத்த பெண்கள் குடை ஆணியில் தொங்கியது.

"அதை எடுத்துக்கிட்டுப் போங்களேன்" என்றேன்.

"நான் எடுத்துட்டுப் போன நேரத்துல அவ கூப்பிட்டுட்டான்னா?" என்றார்.

சற்றே சாய்ந்திருந்த குடையை ஆணியில் நேராக்கினார். அது விழாதபடி கதவை மெல்லச் சாத்திவிட்டு, மழையில் இறங்கி நடந்தார்.