ராகு காலத்துக்குப் பயந்த பெட்டூனியா

மஸ்கட்டில் அக்டோபர் பிறந்தால் எங்கள் கம்பெனிக் குடியிருப்பில் பெண்களுக்கு ஒரு காய்ச்சல் வரும். ஐந்து மாதம் ஏசிக்குள் அடைந்து கிடந்து, வாசலில் எது காய்ந்தாலும் எனக்கென்ன என்றிருந்தவர்கள், வெயில் கொஞ்சம் தணிந்ததும் தாவரவியல் பேராசிரியர்களாகிவிடுவார்கள். நர்சரிக்குப் போவதற்கென்றே தனிச் சுடிதார், தனிக் கூலிங் கிளாஸ். ஜனவரியில் கம்பெனி நடத்தும் தோட்டப் போட்டியில் ஜெயித்தால் ஒரு பிளாஸ்டிக் கேடயம் கிடைக்கும். அதற்குத்தான் இத்தனை அமர்க்களம். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான். எனக்கு மட்டும் காய்ச்சல் வரவில்லை என்று இப்போது எழுதினால் யார் நம்பப் போகிறார்கள்?

அடுத்த வீட்டு அம்மாள் இந்தக் கூட்டத்துக்குத் தலைவி. சென்னைக்காரர். அவருடைய கணவர் என் கணவருக்கு மேலதிகாரி. எங்கள் இரண்டு வீட்டு வாசலையும் ஒரே நீளப் பாத்தி இணைத்ததால், போட்டிக்கு இரண்டும் ஒரே தோட்டம். ஆகவே செடி தேர்ந்தெடுப்பதும் சேர்ந்துதான். சேர்ந்து என்றால், அவர் தேர்ந்தெடுப்பார், நான் தலையாட்டுவேன். ரூவி கடைத்தெருவில் காய்கறி வாங்கிய கையோடு நர்சரிக்குப் போனோம். அங்கே அவர் கைப்பையிலிருந்து ஒரு துண்டுத் துணியை எடுத்தார். வரவேற்பறைத் திரைச்சீலையில் மிஞ்சியது. அந்தக் கருஞ்சிவப்புக்கு ஒத்துப்போகிற பெட்டூனியா வேண்டுமாம். தலையில் வைக்க முடியாத, சாமிக்குப் போட முடியாத, தொட்டால் பிசுபிசுக்கிற ஒரு செடிக்கும் திரைச்சீலைக்கும் பொருத்தம் பார்க்க அரை நாள் ஆயிற்று. பத்துப் பொருத்தம் பார்க்கக்கூட அவ்வளவு நேரம் ஆகாது.

இரண்டு வீட்டுக்கும் தோட்டக்காரர் ஒருவரே. மாலி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். பெரம்பலூர்ப் பக்கம், முப்பது வயதிருக்கும், காண்ட்ராக்டில் வந்தவர். எங்களுக்குள் பேசும்போது 'அவன்' என்போம். இன்று எழுதும்போதுதான் 'அவர்' வருகிறது. நான் திருச்சி என்று தெரிந்ததும் அவருக்கு 'மேடம்' போய் 'அக்கா' வந்துவிட்டது. அந்த ஐப்பசியில் அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண்ணுக்குப் பக்கத்து ஊர். பத்திரிகை அடித்தாயிற்று. மூன்று வருடத்தில் முதல் லீவு. அக்டோபர் பாதியில் டிக்கெட். அவருடைய சூப்பர்வைசர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: குளிர்காலச் செடிகள் எல்லா வீட்டிலும் நட்டு நிலைத்திருக்க வேண்டும், அதன் பிறகுதான் விமானம்.

வாங்கி வந்த நாற்றுகளைப் பார்த்ததும் தோட்டக்காரர் முகம் சுருங்கியது.

"இந்த வெயிலுக்கு இது நோஞ்சான் செடி அக்கா. இப்போதைக்கு நித்தியகல்யாணி வைங்க, அதுதான் தாங்கும்" என்றார்.

"சுடுகாட்டுப் பூவையா வாசல்ல வெக்கச் சொல்றான்?" என்றார் அம்மாள், அவர் அங்கே இல்லாதது போல.

"சரிம்மா, இதையே வைக்கிறேன். சாயங்காலம் வெயில் எறங்கினதும் வச்சிடறேன். மொட்டைமாடி டேங்க் தண்ணி இன்னும் கொதிக்குது. ராத்திரியே டிரம்ல புடிச்சு ஆற வச்சுத்தான் ஊத்தணும்."

எத்தனை எளிய விஷயம்! அக்டோபர் முதல் வாரத்தில்கூட எங்கள் வீட்டில் குளிர்ந்த தண்ணீர்க் குழாயைத் திறந்தால் டீ போடலாம். கீசரை அணைத்துவிட்டு அதில் ஆறிய தண்ணீரில்தான் நாங்களே குளிப்போம். எங்கள் உடம்புக்குத் தெரிந்தது எங்கள் புத்திக்குத் தெரியவில்லை. காரணம், விஜயதசமி. அந்த வருடம் அது சீக்கிரமே, அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. எதைத் தொடங்கினாலும் துலங்கும் நாள். செடியைத் தொடங்கினால் கேடயமே துலங்கும் என்பது அம்மாளின் கணக்கு.

ஊரிலிருந்து வந்த தினசரிக் காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு அவர் தீர்ப்பு சொன்னார். ஞாயிறு மாலை நாலரையிலிருந்து ஆறு ராகு காலம். அப்போது கூடவே கூடாது. ஆறு மணிக்கு மேல் என்றால் விளக்கு வைத்த பிறகு செடியைத் தொடக்கூடாது. நல்ல நேரம் முற்பகல் பத்தே முக்காலுக்கு. அது இந்திய நேரமா மஸ்கட் நேரமா என்று நான் ஒரு சந்தேகம் கிளப்பினேன். எனக்கிருந்த பெரிய சந்தேகமே அதுதான்! "நாம எங்க இருக்கமோ அந்த நேரந்தான்" என்றார். ராகுவுக்கும் விசா அடித்தாயிற்று.

பத்தே முக்காலுக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. கற்பூரம் கொளுத்தினோம், கொளுத்தாமலேகூட எரிந்திருக்கும். தோட்டக்காரர் குனிந்து ஒவ்வொரு நாற்றாக வைத்துக்கொண்டே போனார். இரவே பிடித்து வைத்த டிரம் தண்ணீரை எடுத்து வர அவர் பின்பக்கம் போன நேரத்தில், முதல் தண்ணீரை வீட்டுக்காரிதான் விட வேண்டும் என்று அம்மாளுக்கு ஒரு சாஸ்திரம் நினைவுக்கு வந்தது. காலையிலிருந்து வெயிலில் சுருண்டு கிடந்த கறுப்பு ஓஸை எடுத்தார், குழாயைத் திறந்தார், தன் பக்கம் முழுக்க ஊற்றினார். ஓஸை என்னிடம் நீட்டினார்.

"அக்கா, ஓஸ் வேணாங்கா!" வாளியோடு ஓடி வந்தார் தோட்டக்காரர்.

தண்ணீர் என் பாதத்தில் தெறித்தது. சுட்டது. காலை இழுத்துக்கொண்டேன். இழுத்துக்கொண்டுதான் என் பக்கத்துச் செடிகளுக்கு ஊற்றினேன். மேலதிகாரியின் மனைவி கொடுத்த ஓஸை மறுக்கிற துணிச்சல் எனக்கு இல்லை. படித்த முட்டாளுக்குக் கால் சுட்டாலும் புத்தி சுடாது.

மூன்றாம் நாள் பாத்தி முழுக்க வதக்கிய கீரை. சூப்பர்வைசர் வந்தார். வடக்கத்திக்காரர். எரிச்சலோடு இந்தியில் கேட்டார், உச்சி வெயிலில் நட்டு ஓஸ் தண்ணீர் ஊற்றச் சொன்னது யார் என்று.

"மாலி நே கியா" என்றார் அம்மாள். தோட்டக்காரன்தான் செய்தான் என்று. அவருக்கு வாய்த்த மொத்த இந்தியும் அந்த அளவுதான், ஒரு ஆளைக் கவிழ்க்க அது போதும்.

தோட்டக்காரர் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் செடியைப் பார்த்தேன். வாயைத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த வருடம் என் கணவரின் புரமோஷன் தள்ளிப் போயிருக்கலாம். போகாமலும் இருந்திருக்கலாம். அந்த 'இருக்கலாம்' ஒன்றுக்காக நான் ஊமையானேன். அடுத்த வீட்டு அம்மாளையாவது மன்னிக்கலாம், அவர் சொன்னது பொய் என்று அவருக்கே உறைத்திருக்காது. எனக்கு உறைத்தது.

"புதுசா வச்சு வேர் புடிக்கிற வரைக்கும் லீவு மாஃபியாம்கா, கெடையாதாம்" என்றார் மறுநாள், களைக்கொத்தைத் தட்டிக்கொண்டே.

"கல்யாணம்?"

"பேசிப் பாக்குறேன்னு எங்கப்பா சொல்லிருக்காரு."

நான் பெரிய மனுஷி போல, "எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்று ஆறுதல் சொன்னேன். அதை நினைத்தால் இன்றும் என்னை நானே அறைய வேண்டும் போலிருக்கிறது.

நர்சரியில் நாற்று தீர்ந்திருந்தது. அடுத்த லோடு வர இரண்டு வாரம் ஆயிற்று. இந்த முறை எந்தக் காலண்டரையும் யாரும் எடுக்கவில்லை. அவர் தன் வழக்கப்படி சாயங்காலம் நட்டு, ஆறிய தண்ணீர் விட்டு, ஈச்ச மட்டை சாய்த்து நிழல் கொடுத்தார். ஒன்றுகூடச் சாகவில்லை. நவம்பர் நடுவில் லீவு கையெழுத்தாகி வந்தபோது, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நான்தான் ஏன் என்று கேட்டேன்.

"பந்தல் போட்டாச்சு, சொந்தக்காரங்களுக்குச் சொல்லியாச்சு, முகூர்த்தத்த விட முடியாதுன்னு அதே நாள்ல மாமன் மவனுக்குக் கட்டி வச்சிட்டாங்கக்கா" என்றார். சொல்லும்போது பூவாத ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டார்.

ஜனவரியில் போட்டிக்கு நடுவராக வந்தவர் கம்பெனியின் பெரிய அதிகாரி ஒருவரின் மனைவி, டெல்லிக்காரர். பாத்தி திரைச்சீலை நிறத்தில் கொழித்துக் கிடந்தது. அடுத்த வீட்டு அம்மாளின் இந்தி இதற்குப் பற்றாது என்பதால் என்னை முன்னால் தள்ளினார். நானோ அப்பாவின் ரயில்வே வேலையால் நாக்பூரில் வளர்ந்தவள். இந்தி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. மண், உரம், நிழல், நீர் என்று கால் மணி நேரம் பொழிந்து தள்ளினேன், எல்லாம் நானே செய்தது போல. நடுவர் என் கையைப் பிடித்துப் பாராட்டினார். கேடயம் எங்களுக்குத்தான் என்பது அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

அவர்கள் அடுத்த வாசலுக்கு நகர்ந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். தோட்டக்காரர் சுவரோரம் நின்றிருந்தார். முழுவதும் கேட்டிருக்கிறார்.

"அக்காவுக்கு இந்தி இவ்ளோ நல்லா வருமா?" என்றார். குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். "ஒங்களுக்கு இந்தி வராது, அதனாலதான் அன்னிக்கு எனக்காக ஒண்ணும் பேச முடியலன்னு ரூம்ல எல்லாருகிட்டயும் சொல்லிட்டிருந்தேங்கா."