பிரேக் அக்காவும் வெள்ளிச்சிறகனும்

அந்த வட்டாரத்தில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் பிரேக் அக்காவிடம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டவர்கள்தான். டிரைவிங் ஸ்கூல் கார்களில் சொல்லிக்கொடுப்பவர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்குமே, அதுதான் அவளுக்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது. இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் காரில் ஒரு கீறல் கிடையாது. குறுக்கே ஓடப்போகிறோம் என்று நாய்க்கே தெரியாத நேரத்தில் அக்காவின் கால் பெடலை மிதித்திருக்கும். டி.வி.யில் கார் துரத்தும் காட்சி வந்தாலும் சோபாவில் உட்கார்ந்தபடி தரையை அழுத்துவாள். "தரை தேஞ்சு கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வரப்போறார்" என்பார் அவள் கணவர். பேக்கரியில் மாவு பிசைகிற மனிதர், வாயில் நக்கல் கொஞ்சம் ஜாஸ்தி.

இப்படிப்பட்டவளிடம் வந்து மாட்டினாள் ஒரு நர்ஸ். வயது முப்பது. பச்சைக் குழந்தையின் நூல் மாதிரியான நரம்பைக்கூட ஒரே குத்தில் பிடித்துவிடுவாளாம். ஆனால் ஸ்டியரிங்கைத் தொட்டால் அந்தக் கை வெலவெலத்துப் போகும். மூன்று தடவை டெஸ்டுக்குப் போய் மூன்று தடவையும் ஃபெயில். மூன்று தடவையும் காரணம் ஒன்றே: நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தவில்லை.

லைசென்ஸ் அவளுக்கு ஆசைக்கு இல்லை. வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் பகல் வேலை ஒன்று அவளுக்காகக் காத்திருந்தது. அடுத்த மாதக் கடைசிக்குள் லைசென்ஸைக் காட்டினால்தான் அது கிடைக்கும். இப்போது வார்டில் முக்கால்வாசி ராத்திரி டியூட்டி. மூன்று வயது மகள் சித்தி வீட்டிலேயே வளர்கிறாள். போன வாரம் அந்தக் குழந்தை சித்தியை "அம்மா" என்று கூப்பிட்டுவிட்டது. நர்ஸ் இதை அக்காவிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அக்காதான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மூன்றாவது ஃபெயில் அன்று நர்ஸ் அடுத்த தேதி வாங்க ஆபீஸுக்குள் போயிருந்தாள். அக்கா காரில் கடுப்போடு உட்கார்ந்திருந்தாள். சீட்டில் கிடந்த நர்ஸின் பையிலிருந்து ஒரு தடிப்புத்தகம் எட்டிப் பார்த்தது. அட்டையில் இறக்கை முளைத்த ஒரு பெண், பளபளவென்று ஜிகினா எழுத்து, மூலையில் 'முதல் பாகம்'. தேவதைக் கதை, அதுவும் பதினாறு வயசுப் பிள்ளைகளுக்கு எழுதியது. 'இதைப் படிச்சா பிரேக் எங்க ஞாபகம் வரும்' என்று முணுமுணுத்தபடி, திட்டுவதற்கு ஏதாவது அகப்படுமா என்றுதான் புரட்டினாள். நர்ஸ் திரும்பி வந்தபோது நாற்பதாவது பக்கத்தில் இருந்தாள்.

"போலாமா அக்கா?"

"கொஞ்சம் இரு. இவளை யாரு அந்தக் காட்டுக்குள்ள போகச் சொன்னது?"

காட்டுக்குள் போனவள் ஒரு விளக்குக்கடைக்காரரின் மகள். பாதி மனுஷி, பாதி தேவதை. முதுகில் இறக்கை முளைக்கிற இடம் நமநமவென்று அரிக்குமே தவிர, இறக்கை விரியாது. அவளுக்குக் காவலாக வெள்ளிச்சிறகன் என்று ஒரு தேவதை வீரன். அந்த உலகத்தில் தேவதைகளுக்குப் பொய் சொல்ல வராது, இரும்பைத் தொட்டால் தோல் வெந்துவிடும். "இரும்பு ஆகாதாம், அப்ப இவங்களுக்கு லைசென்ஸே கிடைக்காது" என்று சொல்லிக்கொண்டே அக்கா முதல் பாகத்தை மூன்றே நாளில் முடித்தாள்.

மொத்தம் ஐந்து பாகம். நர்ஸ் நான்கு படித்திருந்தாள், ஐந்தாவது அப்போதுதான் வந்திருந்தது. ஐம்பது வயதுக்கு மேல் தேவதைக் கதை படிக்கிறாள் என்று தெரிந்தால் கணவர் பேக்கரி முழுக்கத் தமுக்கடித்துவிடுவார். அதனால் அக்கா சாலை விதிப் புத்தகத்தின் அட்டையைக் கழற்றிக் கதைப்புத்தகத்துக்குப் போட்டாள். இரண்டாம் பாகத்தில் விளக்குக்கடைக்காரர் சாகிறார். அன்றைக்கு அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்தது. கணவர் ஓடிவந்து அடுப்பை அணைத்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தவளையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சாலை விதியைப் படிச்சு அழற முதல் ஆள் நீதான்."

"விபத்துப் பகுதி படிச்சேன்" என்றாள் அக்கா.

காரில் இப்போது கதைப் பேச்சுதான். அதில் அக்கா ஒன்றைக் கவனித்தாள். கதை பேசும்போது நர்ஸுக்குக் கை நடுங்குவதில்லை. கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. மேட்டில் நிறுத்திக் கிளப்பும்போதும் கார் பின்னால் உருளவில்லை. 'பயந்தான் நோய், கதைதான் மருந்து' என்று அக்கா தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டாள். நிறுத்துகிற இடத்தில் எல்லாம் முதலில் மிதிப்பது தன் கால்தான் என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை. மூச்சு விடுவதை யார் கவனிக்கிறார்கள்?

டெஸ்டுக்குப் பத்து நாள் இருந்தது. நான்காம் பாகத்தை முடித்த கையோடு வந்திருந்த அக்காவுக்கு வெள்ளிச்சிறகன்மேல் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. விழும்போதுதான் இறக்கை விரியும் என்று கிழட்டு ஆந்தை ஒன்று ரகசியத்தை உடைத்துவிட்டது. அந்தப் பெண்ணோ மரத்திலிருந்து வழுக்கினாலும் பாலத்திலிருந்து சறுக்கினாலும், வெள்ளிச்சிறகன் பாய்ந்து வந்து பிடித்துக்கொள்கிறான். நான்கு பாகமாக இதே கூத்து.

அக்கா சீட்டில் நர்ஸ் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, இரண்டு கையையும் ஆட்டிப் பேசினாள். "அவனுக்கு என்ன, பெரிய வீரன்னு நெனப்பா? பிடிச்சுப் பிடிச்சே அந்தப் பொண்ணை ஒண்ணுக்கும் உதவாம ஆக்கிட்டான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கையைக் கட்டிக்கிட்டு நின்னா என்ன குடி முழுகிடும்? என் கையில கிடைச்சான்னா..."

கார் மெதுவாக, தண்ணீர் தளும்பாத மாதிரி நின்றது. எதிரே கோடு போட்ட இடத்தில் கைத்தடியோடு ஒரு பெரியவர் சாலையைக் கடந்துகொண்டிருந்தார். அக்கா அவரைப் பார்த்தாள், பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தாள். கால் பெடலுக்கு அரை அடி தள்ளி, கியர் பக்கமாகக் கிடந்தது.

"நீயா நிறுத்தினே?"

"ஆமாக்கா." நர்ஸுக்கே ஆச்சரியம்தான். கொஞ்சம் தயங்கினாள். "அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கோவிச்சுக்குவேன். சொல்லு."

"வெள்ளிச்சிறகனை இவ்வளவு திட்டறீங்களே, உங்க காலும் அதைத்தானே பண்ணுது? நான் மிதிக்கலாம்னு நெனைக்கும்போதே கார் நின்னுடும். டெஸ்ட்லயும் அதே மாதிரி நிக்கும்னு உட்கார்ந்திருந்தேன். இன்ஸ்பெக்டர் பிரேக்குல கால் வைக்கல."

அக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. "காரை எடு, பின்னாடி ஹாரன் அடிக்கிறாங்க" என்று மட்டும் சொன்னாள்.

அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு கீறல் கிடையாது என்று ஊர் முழுக்க மார்தட்டியிருக்கிறாள். அந்தப் பெருமைக்காக எத்தனை பேரை இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை என்று அலைய விட்டாளோ? அவர்களைத் திட்டவும் செய்தாளே. ஒரு பிள்ளைக்காரியை மூன்று முறை ஃபெயிலாக்கியது இந்தக் கால்தான் என்று நினைக்க நினைக்க அவமானமாக இருந்தது. கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள், சாலை விதி அட்டை உள்பட. அவர் வாயைத் திறப்பதற்குள், "பேக்கரியில மூச்சு விட்டீங்கன்னா நடக்கறதே வேற" என்று சேர்த்துச் சொன்னாள். அவர் புத்தகத்தை வாங்கி முதல் பக்கத்தைப் புரட்டியபடி, "அந்தப் பொண்ணு எதுக்குக் காட்டுக்குள்ள போச்சு?" என்று கேட்டார்.

மறுநாள் காலை அக்கா காரில் ஏறினாள், செருப்பைக் கழற்றினாள், இரண்டு காலையும் மேலே தூக்கிச் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"என்னக்கா இது?"

"இப்படித்தான் இனிமே. உயிர் போனாலொழிய கீழ வைக்க மாட்டேன். ஓட்டு."

அந்த ஒன்பது நாள் பட்ட பாட்டை அக்காவிடம் கேட்டால்தான் தெரியும். முட்டி வலித்தது. ஒவ்வொரு தெருமுனையிலும் கால் தானாக இறங்கப் பார்த்தது, கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான்காம் நாள் ரிவர்ஸ் எடுக்கும்போது நர்ஸ் கொஞ்சம் தாமதித்துவிட, பின்பக்கம் குப்பைத்தொட்டியில் போய் இடித்தது. அக்காவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. இறங்கிப் பார்த்தாள். சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கீறல்.

"பெயிண்ட் அடிச்சுக் கொடுத்துடறேன் அக்கா" என்றாள் நர்ஸ், அழாத குறையாக.

"ஒண்ணும் வேண்டாம், இருக்கட்டும். எப்ப மிதிச்சிருக்கணும்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுக்கா."

"அப்ப ஏறு."

அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அவள் தாமதிக்கவில்லை.

டெஸ்ட் அன்று நர்ஸ் ஐந்தாம் பாகத்தை அக்கா கையில் கொடுத்தாள். "கடைசி அத்தியாயத்தை நான் தொடவே இல்ல. நீங்களும் தொடக் கூடாது. பாஸானா சேர்ந்து படிக்கலாம்." இன்ஸ்பெக்டர் காரில் ஏறினார். ஊறவைத்த உளுந்து மாதிரி உப்பிய முகம், சிரிப்பு மருந்துக்கும் இல்லை. கார் வளைவில் திரும்பி மறைந்தது.

அக்கா பெஞ்சில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தாள். ஒரே வரியை ஒன்பது தடவை படித்தாள். இருபது நிமிஷம் கழித்துக் கார் திரும்பி வந்தபோது, அவள் வலது கால் சரளை மண்ணில் ஒரு சின்னக் குழியே பறித்திருந்தது. நர்ஸ் இறங்கி வந்தாள். கையில் ஒரு தாள்.

"என்ன சொன்னார்?"

"ஒண்ணுமே சொல்லல. கையெழுத்து போட்டுக் கொடுத்துட்டார்."

அக்கா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அடுத்த டெஸ்டுக்குக் காத்திருந்த பையன்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும்.

மூன்று வாரம் கழித்து, ஒரு சாயங்காலம், அக்கா வீட்டு வாசலில் சின்னக் கார் ஒன்று வந்து நின்றது. நர்ஸுக்குப் புது வேலையில் கொடுத்த கார். வேலை முடித்து, மகளைச் சித்தி வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். குழந்தை பின்சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டு ராணி மாதிரி உட்கார்ந்திருந்தது. அக்கா முன்சீட்டில் ஏறி, கார் கிளம்பியதும் கடைசி அத்தியாயத்தைத் திறந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். மலை உச்சி. அந்தப் பெண்ணின் கால் வழுக்குகிறது. வெள்ளிச்சிறகன் கையை நீட்டுகிறான், நீட்டிய கையைப் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் இழுத்துக்கொள்கிறான். அவள் விழுகிறாள்.

எதிரே சிக்னல் சிவப்பானது. அக்காவின் கால் அவளைக் கேட்காமலே நீண்டு அழுத்தியது. கீழே வெறும் மேட்டிங்தான் இருந்தது. இந்தக் காரில் இரண்டாவது பிரேக் கிடையாது.

கார் கோட்டுக்கு முன்னால் அழகாக நின்றது.

அக்கா குனிந்து தன் காலைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் பின்சீட்டிலிருந்து குரல் வந்தது.

"அம்மா, பச்சை வந்துடுச்சு."

நர்ஸ் காரை எடுத்தாள். அக்கா செருப்பைக் கழற்றி, காலைத் தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டு, அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.