பொட்டு வைத்த வெள்ளைக்காரர்

ஒரு வெள்ளைக்காரரைக் கும்பிட்டு வளர்ந்தவள் நான். சொன்னால் யாரும் நம்புவதில்லை.

போருக்குத் தப்பி வன்னியிலிருந்து இரண்டு பைகளோடு கொழும்புக்கு வந்த நாங்கள், கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய கல் மாளிகையின் கீழ்த்தளத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்தோம். மாளிகை என்றதும் மயங்க வேண்டாம். ஒன்பது குடும்பங்களுக்கு இரண்டு குழாய். எங்கள் அறைச் சுவரில் மட்டும் அந்தக் காலத்து வெள்ளைக்காரர் ஒருவரின் படம் தொங்கியது. முறுக்கு மீசை, கையில் தொப்பி. செத்துப்போன மனிதரின் படத்தை வெறுமனே விடக் கூடாதென்று அம்மா கண்ணாடியில் சந்தனப் பொட்டு வைத்தார். வெள்ளிக்கிழமைகளில் மாலையும் போட்டார். வருசப் பிறப்புக்கு வடையும் மோதகமும் படைத்தார். மனிதர் மாட்டிறைச்சி தின்றவராக இருப்பார் என்ற யோசனையே அம்மாவுக்கு இல்லை.

எனக்கோ அவர் யாரென்று தெரியாமல் இருப்புக்கொள்ளவில்லை. பக்கத்து அறை முஸ்லிம் நானா, இரத்தினக்கல் வியாபாரி என்றார். மாடியிலிருந்த சிங்கள அன்ரி, கப்பல் வைத்திருந்தவர் என்றார். வாசல் வளைவில் செதுக்கியிருந்த இரண்டு ஆங்கில எழுத்துகளைக் கொப்பியில் குறித்து வைத்தேன். அம்மாவுக்கு என் துப்பறிதல் பிடிக்கவில்லை.

"தேடாத பிள்ளை. அவற்ற ஆக்கள் வந்தால் கொண்டு போயிடுவினம்."

ஒரு ஞாயிறு காலை, வாசலில் ஒரு வெள்ளைக்காரர் அதே இரண்டு எழுத்துகளைப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கையைப் பிடிக்காத குறையாக அவரை உள்ளே கூட்டி வந்தேன். பொட்டும் மாலையுமாக இருந்த தன் பாட்டனாரின் பாட்டனாரைப் பார்த்ததும் அவர் போனைச் சட்டைப்பையில் போட்டார்.

அவர் சொன்னதை நானா எங்களுக்குத் தமிழில் சொன்னார். கோப்பித் தோட்டத்தில் சம்பாதித்து இந்த வீட்டைக் கட்டியவராம். படத்தை மாட்டி, குடிபுக நாள் பார்த்திருந்தபோது கோப்பிச் செடிக்கு நோய் வந்து எல்லாம் போய்விட்டதாம். ஓர் இரவுகூட இங்கே படுக்காமல் கப்பல் ஏறிவிட்டாராம்.

படத்தைத் தர முடியுமா என்று வந்தவர் கேட்டார். அம்மா வாய் திறக்குமுன், அவர் எங்கள் ஆளில்லை, கொண்டு போங்கள் என்று என் பள்ளிக்கூட ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். மர்மத்தைத் துலக்கிய பெருமை எனக்கு. இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அம்மா பொட்டைத் துடைத்து, படத்தைத் தன் நல்ல சேலையில் சுற்றிக் கொடுத்தார். மழை படாமல் கொண்டுபோகச் சொல்லுங்கள் என்று மட்டும் நானாவிடம் சொன்னார்.

அன்று மாலை வெறும் ஆணியில் ஒரு பூ செருகியிருந்தது. அவர்தான் போய்விட்டாரே, அம்மா என்றேன்.

"என்ர அப்பான்ர படமும் நாங்கள் விட்டிட்டு வந்த வீட்டிலதான் தொங்கினது. ஆரும் ஒரு பூ வைக்கினமோ தெரியேல்லை."

அப்படியானால் இவரைப் போல நாங்களும் போய்க் கேட்டு வாங்கி வரலாமே என்றேன். அம்மா என் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். இவ்வளவு சுலபமான வழி அம்மாவுக்கு ஏன் தோன்றவில்லை என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.