தென்மேற்கு மூலையில் ஒரு வெற்றிடம்

திருத்தணி பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் இருக்கும் ஃப்ளெக்ஸ் கடையில் தேவகியின் நாற்காலி சுவரைப் பார்த்துக் கிடக்கும். கம்ப்யூட்டரில் பேனர் வடிவமைக்க அவள் தானாகக் கற்றுக்கொண்டது அதில் உட்கார்ந்துதான். புருஷன் விட்டுப் போனபோது, அக்கா வசந்தியின் கணவர் அசோக்குமார் அம்மையார்குப்பத்துக்கே வந்து அவளை அழைத்துப்போனார். தன் கடையில் வேலையும், கடைக்கு மேலே ஓர் அறையும் கொடுத்தார். இன்றுவரை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. அதனாலேயே, வேறு வேலைக்குப் போகிறேன் என்று அவரிடம் சொல்ல அவளுக்கு வாய் எழவில்லை.

சம்பளமில்லாத இன்னொரு வேலையும் அவளுக்கு இருந்தது. மாயாஜால நாவல்களுக்காக, எங்குமே இல்லாத நாடுகளுக்கு வரைபடம் போடுகிறவர்கள் இணையத்தில் ஒரு குழு வைத்திருந்தார்கள். படத்தைப் போட்டுக் கருத்துக் கேட்பார்கள். பேனரைப் படிக்கிறவர் பஸ்ஸில் போகிறவர் என்பது கடைப் பாடம். அதனால் தேவகி படத்தைத் திரையில் வைத்துவிட்டு, தெருவைக் கடந்து எதிர்ச்சாரியில் நின்று பார்ப்பாள். பிறகு வந்து பொறுமையாக எழுதுவாள். மலையின் மேல் ஊர்ப்பெயரை ஏற்றாதீர்கள். கடலுக்கும் காட்டுக்கும் ஒரே எழுத்து வடிவம் வேண்டாம். எல்லா இடத்தையும் நிரப்பிவிடாதீர்கள், பார்க்கிற கண்ணுக்குக் கொஞ்சம் காற்று வேண்டும்.

இதைப் படித்துவிட்டுத்தான் சென்னைப் பதிப்பகம் ஒன்றிலிருந்து பிரியங்கா எழுதினாள். வரைபடங்களைப் பார்த்துத் திருத்தம் சொல்ல அலுவலகத்துக்கு ஆள் வேண்டும், மாதிரிக்கு ஒரு படம் அனுப்புகிறேன், நாளை மாலைக்குள் கருத்துச் சொல்லுங்கள் என்றாள். கதைச் சுருக்கமும் கூடவே வந்தது. தேவகி அதைப் படித்துவிட்டுப் படுத்தாள். பாவா அசோக்குமாரிடம் மூச்சுவிடவில்லை.

மறுநாள் கனகம்மாசத்திரத்துக் கிருஷ்ணன் பேனர் போட வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். தங்கை மகளுக்கு மஞ்சள் நீராட்டு. மாமன் மச்சான் வரிசையில் ஒரு முகம் விடுபட்டாலும் பந்தலில் சண்டை வரும். அவர் விரல் திரையெங்கும் ஓடியது.

"இங்க இன்னாம்மா காலியா கெடக்குது? சின்ன மச்சான அங்க வுடு."

விட்டாள்.

"பெரியவர விட சின்னவரு மூஞ்சி பெருசா கீதே?"

"அவரு மூஞ்சியே அவ்ளோ பெருசுங்க."

அசோக்குமார் சிரித்தார். "இவ இல்லன்னா நான் கடைய சாத்திட்டு, மல மேல மொட்ட போட்டுகினு உக்கார வேண்டியதுதான்."

கிருஷ்ணனும் சிரித்தார். தேவகி சின்ன மச்சானின் முகத்தைக் கொஞ்சம் சுருக்கினாள்.

முகங்களுக்கு நடுவே ரோஜா, ரோஜாவுக்கு நடுவே ஜிகினா என்று இரண்டு பேனரை அடைத்து முடிக்கவே பிற்பகலாகிவிட்டது. முதல் பேனருக்குப் பிரிண்டர் இரைந்துகொண்டிருக்கும்போதே பிரியங்காவின் படத்தைத் திறந்து வேகமாக எழுதினாள். கரைக்கோடு தடிப்பு. ஆறு கடலை நெருங்கும்போது அகலவில்லை. தலைப்புப் பட்டை கனக்கிறது. தென்மேற்கு மூலை வெறிச்சென்று கிடக்கிறது, ஒரு திசைகாட்டியோ கடல்மிருகமோ வைத்து நிரப்புங்கள். தெருவைக் கடந்து பார்க்க நேரமில்லை. அனுப்பிவிட்டாள்.

பொழுது சாய்வதற்குள் பிரியங்காவே போனில் கூப்பிட்டாள். மற்றதெல்லாம் சரியாகச் சொல்லியிருக்கிறீர்கள் என்று தொடங்கி, கொஞ்சம் தயங்கினாள்.

"அந்த மூலையிலதாங்க கதையே. போனவங்க யாரும் திரும்பி வரல, அதான் அங்க எதுவுமே வரையல. சுருக்கம் படிச்சீங்கல்ல?"

"படிச்சேங்க."

"காலி இடம் விடுங்கன்னு நீங்க எழுதறதப் பாத்துதான் உங்களக் கேட்டேன்."

இந்த முறை வேறொருவரை எடுத்துக்கொள்கிறோம் என்று பிரியங்கா மெதுவாகச் சொல்லிப் போனை வைத்தாள்.

தேவகி படத்தை மறுபடி திரையில் வைத்துவிட்டு எழுந்து தெருவைக் கடந்தாள். எதிர்ச்சாரியிலிருந்து பார்த்தால் படத்தில் ஊர்ப்பெயர் எதுவும் தெரியவில்லை. பாதைகள் எல்லாம் அந்த மூலையை நோக்கி வந்து, வெள்ளையின் விளிம்பில் ஒவ்வொன்றாக நின்றுபோயிருந்தன. வரைந்தவர் எவ்வளவு யோசித்து விட்ட இடம் என்பது இப்போதுதான் புலப்பட்டது. ஆட்டோ ஒன்று குறுக்கே வந்து நின்று ஹாரன் அடித்தது. அவள் அசையவில்லை.

கடைக்குள்ளிருந்து அசோக்குமார் குரல் கொடுத்தார்.

"தேவகி, கிருஷ்ணன் லைன்ல கீறாரு. அரக்கோணத்து மாமன மறந்துட்டாராம். ரெண்டாவது பேனர்ல எடம் கீதா?"

வலது ஓரத்து வாழைமரத்தைக் கொஞ்சம் நெருக்கினால் ஒரு முகம் வைக்கலாம்.

"ஆங், கீது பாவா," என்றபடி அவள் தெருவைக் கடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.