லூனாஸில் பிள்ளை பார்க்கும் முறை

பாக்கார் ஆராங்கிலிருந்து கைக்குழந்தையோடு தனியாகக் கார் ஓட்டி லூனாஸ் வந்திருக்கிறேன். பிரசவத்துக்குப் பின் இன்றாவது ஒரு பாட்டை முழுதாக வாசித்துவிட வேண்டும்.

இங்கே கூடும் எங்கள் யுகுலேலே என்ற சின்ன கிதார் குழுவில் வாரம் ஒருவர் வாசிக்காமல் எல்லார் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வது வழக்கம். இன்று லோரி ஓட்டும் முனியாண்டி அண்ணனின் முறை. பால் கொடுத்துத்தான் மகளை அவரிடம் விட்டேன். பாட்டின் முதல் வரியிலேயே வீறிடுகிறாள். நான் எழுந்துவிடுகிறேன்.

"அண்ணே, கொடுங்க, நான் பாத்துக்கிறேன்."

"உக்காரு லா, தங்கச்சி! என் மீசையப் பாத்து பயப்படுறா. பழகிக்குவா. இன்னிக்கு இது என் வேல."

எல்லாரும் சிரிக்கிறார்கள். நல்ல தாய் இப்படி உட்கார்ந்திருப்பாளா? தெரியவில்லை. அழுகை இன்னும் நிற்கவில்லை. உட்கார்ந்து, அடுத்த கோர்டுக்குத் தந்திகளில் விரலை மாற்றி, அவளுக்கும் கேட்கும்படி பலமாக மீட்டுகிறேன்.