மாஸ்டரின் மூக்கு

பேக்கரியில் எல்லோரும் அவரை மாஸ்டர் என்பார்கள். அடுப்புக்குள் ரொட்டி வெந்துவிட்டதா என்று வாசனையால் அறிய வேண்டிய தொழில். அவருடைய மூக்கோ பாதி செத்திருந்தது. இரு துவாரங்களையும் பிரிக்கும் சுவரில் ஓர் ஓட்டை. மூச்சு விட்டால் விசில் கேட்கும். "குக்கர் வருது, வழிவிடுங்கப்பா" என்று மாவு பிசைகிறவர்கள் கத்துவார்கள். எப்போதோ பந்து பட்டது என்று சொல்லி வைத்திருந்தார்.

பந்து அல்ல, கொக்கைன். இரவு விடுதிச் சமையலறையில் வேலை பார்த்த காலத்தில் பிடித்துக்கொண்ட பழக்கம். அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். பழைய சிநேகிதர்களை வாசலோடு விரட்டி, அவருடைய வசவுகளையெல்லாம் வாங்கிக்கொண்டு, அவரை அதிலிருந்து மீட்டவள் அவள்தான்.

ஓட்டையை அடைக்கும் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தபோது டாக்டரம்மாவிடமும் அவளே முந்திக்கொண்டு பந்துக் கதையைச் சொன்னாள். டாக்டர் தலையசைத்தார்.

"முதல்ல மூக்குக்குள்ள கொக்கைன்ல நனைச்ச பஞ்சு வெப்போம். பேரைக் கேட்டுப் பயப்படாதீங்க. கோகா இலையிலேர்ந்து எடுக்கிற மருந்துதான். இடம் மரத்துப்போகும், ரத்தக்குழாய் சுருங்கும். ரத்தம் அதிகம் போகாது."

அந்தச் சுருக்கம்தான் ஆண்டுக்கணக்கில் ரத்தத்தைத் தடுத்து மூக்கின் சுவரை அரித்திருந்தது. கெடுத்த குணமே இங்கே உதவுகிறது. அளவும் நோக்கமும் மாறினால் நஞ்சு மருந்தாகும் என்பது சரியான வாதம். ஆனால் பொருளைப் பற்றிய வாதம் அது. ஆளைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.

போன் வந்து டாக்டர் வெளியே போனார். அக்கா காதருகே குனிந்தாள்.

"பேசாம இருடா. டாக்டர் கையால, மருந்தா, ஒரே ஒரு தடவை. என்ன தப்பு?"

"தப்பே இல்லக்கா."

"அப்புறம் ஏன் மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"பேரைக் கேட்டதும் சந்தோஷமா இருந்துச்சுக்கா. அவ்வளவு சந்தோஷம். அதான் பயமா இருக்கு."

டாக்டர் திரும்பி வந்ததும் மாஸ்டர் எழுந்து நின்றார்.

"பந்தெல்லாம் படல டாக்டர். நீங்க சொன்ன அதே மருந்தை வருஷக்கணக்கா உறிஞ்சினேன். இப்ப விட்டுட்டேன். எனக்கு அது வேண்டாம்."

யாருக்கும் சந்தேகம் வராமல், யாரும் குறை சொல்ல முடியாதபடி கைக்கு வந்ததை அவர் தள்ளிவிட்டார். வீரம் என்ற சொல்லைச் சிக்கனமாகச் செலவழிப்பவர்களும் இங்கே செலவழிக்கலாம்.

"நல்லவேளை சொன்னீங்க. நானே ஊட்டி விட்டிருப்பேன்" என்றார் டாக்டர். "மரத்துப்போக வேற மருந்து இருக்கு." பிறகு அக்காவைப் பார்த்து, "ஏம்மா, அந்தப் பந்தைப் போட்டது யாரு?"

"நான்தான் டாக்டர்" என்றாள் அக்கா. முதலில் சிரித்தவளும் அவளே.

சிகிச்சை முடிந்து கண் விழித்தபோது அவள் கட்டிலருகே நின்றாள். "வலிக்குதாடா?"

"வலிக்குதுக்கா" என்றார் மாஸ்டர், பந்தயத்தில் முதலாவதாக வந்தவர் குரலில். "நல்லாவே வலிக்குது."